புதுப்பிப்பு: கொடைக்கானல் பாதரச மண்

2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலை வளாகத்தில் பாதரசம் கலந்த மண்ணை எப்படித் தூய்மைப்படுத்துவார்கள் என்று முந்தைய பதிவில் பலர் கேட்டிருந்தீர்கள். ஒப்புதல் பெற்ற முறை இதுதான்: தோண்டிய மண்ணைத் தண்ணீரில் அலசிப் பிரிப்பார்கள். பாதரசம் பொடிமண்ணில்தான் அதிகம் ஒட்டும். பருமணல் கழுவினாலே பெரும்பாலும் தேறிவிடும். வண்டலாகப் படியும் நுண்மண்ணை உலையில் சூடாக்கி, ஆவியாகும் பாதரசத்தைக் குளிர்வித்துப் பிடிப்பார்கள்.

தூய்மைப்படுத்திய பிறகு மண்ணில் எஞ்சக்கூடிய பாதரசத்துக்கான இலக்கு, கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம். இந்த வரம்பு போதிய அளவு கடுமையாக இல்லை என்பது என் கருத்து. வளாகத்துச் சரிவு பாம்பாறு சோலை என்ற மலைக்காட்டுக்குள் இறங்குகிறது. மரங்களை அகற்றித் தோண்டினால் மழையில் அரிப்பு கூடும். தோண்டாவிட்டால் நஞ்சு அங்கேயே தங்கும். ஆகவே சோலையில் ஓடும் ஓடையின் அடிவண்டலையும் மீனையும் பணி முடிந்த பிறகும் ஆண்டுதோறும் சோதித்து, முடிவுகளைத் தமிழில் வெளியிட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் சிலர் மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கையெழுத்திட விரும்புவோர் தெரிவியுங்கள்.