கல்லடிக் குடும்பக் குழு: பிரா சீஸ் விழாவுக்குப் போற கதை

[12/07/2025, மாலை 6:41] கஜன் மச்சான்: தர்ஷி, அஞ்சு பேருக்கும் விசா வந்திட்டு. நீ சொன்ன சீஸ் விழா செப்டம்பர் 19–22 தானே? அது இத்தாலி, எங்களுக்குத் தந்தது சுவிஸ் விசா. மறுகா இத்தாலிக்கு வேற எடுக்கணுமா?

[6:44] தர்ஷி: வேணாம் மச்சான். ஷெங்கன் விசா, இத்தாலியும் அதுக்குள்ளதான். ஆனா பாஸ்போட்ட என்ட சூரிக் வீட்டில வெச்சிட்டு வரக்கூடா. கியாசோ எல்லையில ரெயினுக்குள்ள ஏறிப் பாக்கிறவங்க. காப்புறுதிப் பத்திரமும் ஆளுக்கொரு பிரதி கையில இரிக்கட்டும்.

[6:47] ரவி மாமா: சீஸ் தின்ன அவ்வளவு தூரம் கோச்சியில போகணுமா? மட்டக்களப்பில தயிருக்கென்ன குறை 😄

[6:52] தர்ஷி: மாமா, இது கடையில பெட்டியில அடுக்கி வெச்ச சீஸ் இல்ல. பிரா எண்ட சின்ன ஊர், பியெமொந்தே மாகாணம். ஊர்ச் சாப்பாட்டக் காப்பாத்திற ஸ்லோ ஃபுட் இயக்கம் அங்கதான் தொடங்கின. 1997 தொடக்கம் ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா, ஒற்றை வருஷத்தில மட்டும் நடக்கிற. இந்த வருஷம் விட்டா 2027தான். ஊர்த் தெருவெல்லாம் கடை, செய்றவங்களே நேர நிண்டு விக்கிற. சந்தைக்குள்ள போறதுக்குக் காசு இல்ல.

[6:53] தர்ஷி: முக்கியமான விதி: பச்சப்பால்ல செஞ்ச சீஸுக்கு மட்டும்தான் இடம். 2017ல இருந்து அப்பிடி.

[6:58] பெரியம்மா: பச்சப்பாலா? கொதிக்க வெக்காம? நாறாதா புள்ள? எருமத் தயிருக்குப் பால நல்லாப் பொங்கக் காய்ச்சி, விரல் வெச்சாப் பொறுக்கிற சூட்டுக்கு ஆற விட்டு, லீட்டருக்கு ஒரு கரண்டி பழந்தயிர் போட்டாத்தான் முட்டியில கட்டியா உறையும். காய்ச்சாத பால் எண்டா திரைஞ்சி தண்ணி விட்டுடும்.

[7:05] தர்ஷி: பெரியம்மா, நீங்க சொல்ற தயிருக்கு அது சரி. காய்ச்சினா பால்ல இரிக்கிற கிருமியெல்லாம் செத்துடும், மறுகா உங்கட உறையில இரிக்கிறது மட்டும்தான் வேல செய்யும். அதான் ஒவ்வொரு முட்டியும் ஒரே மாதிரி வாற. சீஸ்ல இவங்களுக்கு வேண்டியது அதுக்கு மாறு. அந்த மேய்ச்சல், அந்தப் பட்டி, அந்த மாட்டில இருந்து வாற கிருமிதான் ருசிக்குக் காரணம் எண்டு சொல்றவங்க. காய்ச்சினா எல்லா ஊர்ச் சீஸும் ஒரே ருசிக்கு வந்திடும்.

[7:06] தர்ஷி: நாறாம இரிக்கிறதுக்குக் காரணம் மூணு. தண்ணிய வடிச்சிடுறது, உப்பு, புளிப்பு. எருமத் தயிர்ல தண்ணிய முட்டி உறிஞ்சுது, இங்க அச்சில போட்டு அமத்திறவங்க.

[7:09] பெரியம்மா: அப்ப உறை எது? புளிப்புத்தானா?

[7:15] தர்ஷி: இதத்தான் உங்களுக்குச் சொல்லணும் எண்டு இருந்தன். புளிப்பு மட்டும் இல்ல. ரென்னட் எண்டு ஒண்டு போடுற. அது பால் குடிக்கிற கண்டுக்குட்டிட வயித்தில இருந்து எடுக்கிறது. பார்மிஜானோ எண்ட கட்டிச் சீஸுக்கு அதத்தான் போடணும் எண்டு விதியே இரிக்கு. பெக்கோரினோ எண்ட செம்மறிப்பால் சீஸுக்குப் பெரும்பாலும் ஆட்டுக்குட்டி.

[7:16] பெரியம்மா: சிவ சிவா

[7:16] பெரியம்மா: அப்ப நான் வரல்ல. நீங்க போங்க.

[7:21] தர்ஷி: வாங்க பெரியம்மா, வழி இரிக்கு. முள்ளுச்செடி ஒண்டிட காஞ்ச பூவ ஊற வெச்சித் தண்ணியெடுத்து உறைய வெக்கிற சீஸ் இரிக்கு. போத்துக்கல்ல செர்ரா த எஷ்த்ரேலா, அஸெய்த்தாங். ஸ்பெயின்ல தோர்த்தா தெல் காஸார். மூண்டும் செம்மறிப்பால். உள்ளுக்குள்ள கூழ் மாதிரி, மேல வெட்டிக் கரண்டியால எடுத்துத் தின்ற. லேசாக் கைக்கும், அது அந்தப் பூட குணம். போத்துக்கல், ஸ்பெயின் கடைகள் நிண்டா முதல்ல அங்க போவம்.

[7:22] தர்ஷி: எந்தக் கடையிலயும் கேக்க வேண்டிய வசனம்: "கால்யோ வெஜெத்தாலே?" செடி உறையா எண்டு அர்த்தம். தலைய ஆட்டினாப் போதாது, "ஸீ" எண்டு சொல்லணும். "அனிமாலே" எண்டா அங்கால போங்க. ரிக்கொத்தாவையும் நம்பாதீங்க. அது சீஸ் எடுத்த பிறகு மிஞ்சிற தண்ணியக் காய்ச்சி எடுக்கிறது, அந்தத் தண்ணியிலயும் ரென்னட் இரிக்கும்.

[7:27] வசந்தி மாமி: மச்சாள் சீஸே தின்னாட்டியும் பசியோட நிக்க ஏலாதே. வேற என்ன இரிக்கு அவவுக்கு?

[7:33] தர்ஷி: ஃபரினாத்தா மாமி. கடலமா, தண்ணி, ஒலிவ் எண்ணெய், உப்பு, வேற ஒண்டும் இல்ல. ஒரு பங்கு மாவுக்கு மூணு பங்கு தண்ணி, பெரிய செம்புத் தட்டில ஊத்திப் போறணையில சுடுற. கடலமாத் தோசை எண்டு நினைச்சிக்கொள்ளுங்க. ஹேசல்நட் பியெமொந்தேட பேர் போன சாமான், அதில செஞ்ச இனிப்பு. தேன். நல்ல பாண். ஆனா ஃபொக்காச்சாவும் குச்சிப் பாணும் வாங்கக்குள்ள "ஸ்த்ருத்தோ?" எண்டு கேளுங்க. பண்டிக் கொழுப்புப் போட்டும் செய்றவங்க இரிக்காங்க.

[7:35] தர்ஷி: ரவி மாமா, உங்களுக்கும் ஒண்டு. பிரா ஊர் சொசேஜ் எண்டு தருவாங்க, ருசி பாக்கச் சொல்லி நீட்டுவாங்க. அது கண்டுக்குட்டி இறைச்சி, பச்சையாத் தின்ற. நாங்க மாடு தொடாத ஆக்கள், நிலா அக்கா புள்ளத்தாச்சி, அவவுக்குப் பச்சையிறைச்சி அறவே கூடா. கை நீட்ட முந்தி என்னண்டு பாருங்க.

[7:36] ரவி மாமா: பச்சையாவா?? 😳

[7:40] நிலா அக்கா: தர்ஷி, எனக்கு அப்ப அஞ்சு மாசம். பச்சப்பால் எண்டா லிஸ்தீரியா எண்ட கிருமி பயம் எண்டு டொக்டர் சொன்னவர். நான் எதத் தின்னலாம்?

[7:47] தர்ஷி: மெதுவான சீஸ் எல்லாம் விடுங்க அக்கா. வெள்ளப் பூஞ்சணத் தோல், செம்மஞ்சள் ஒட்டும் தோல், நீலப் பூஞ்சணம், புதுசா எடுத்த ஆட்டுச் சீஸ், நான் சொன்ன முள்ளுப்பூச் சீஸ், எல்லாம். லிஸ்தீரியாவுக்கு ஈரமும் குறைஞ்ச புளிப்பும் வேணும். அது குளிர்சாதனப் பெட்டிக்குள்ளயும் வளரும், அதனால "ஐஸ்ல வெச்சிருந்தது" எண்டு சொல்றது கணக்கில வராது. நாள்பட்ட கட்டிச் சீஸ், பார்மிஜானோ மாதிரி, பிரச்சின இல்ல. அதுக்குக் குறைஞ்சது 12 மாசம் பழுக்கணும், ஈரம் வத்தியிரிக்கும். தோல மட்டும் வெட்டிடுங்க. டொக்டரையும் ஒருக்காக் கேட்டுக்கொள்ளுங்க.

[7:50] வசந்தி மாமி: எனக்குப் பால் குடிச்சா வயிறு ஊதும்

[7:54] தர்ஷி: உங்களுக்கும் அதேதான் மாமி. வயிறு ஊதிறது லக்டோசால, பால்ல இரிக்கிற சீனி அது. நாள்பட்ட சீஸ்ல அதக் கிருமி தொடக்கத்திலயே தின்னு முடிச்சிடும். 24 மாசப் பார்மிஜானோவ பயப்படாமத் தின்னுங்க. கடிக்கக்குள்ள வெள்ளப் பொட்டு நறநறக்கும். உப்புக்கல்லு எண்டு நினைச்சித் துப்பிடாதீங்க, அது புரதம் உடைஞ்சி வாற தைரோசின், நல்லாப் பழுத்ததுக்கு அடையாளம். பிரஷர் இரிக்கிற ஆக்கள் அளவா. உப்புக் கூட.

[8:10] கஜன் மச்சான்: எப்ப போறது, எங்க படுக்கிறது? அதச் சொல்லு முதல்ல

[8:22] தர்ஷி: 18 வியாழன் சூரிக்ல இருந்து மிலான், மூண்டே கால் மணித்தியாலம். அங்க மாறி தொரீனோ, விரைவு ரெயின்ல ஒரு மணித்தியாலம். ராத்தங்கல் தொரீனோவில. பிராவில அந்த நாலு நாளும் அறை கிடைக்கிறது கஷ்டம், கிடைச்சாலும் கொள்ள விலை. 19 வெள்ளி காலமை சாதாரண ரெயின்ல பிரா, ஒரு மணித்தியாலத்துக்குள்ள.

[8:23] தர்ஷி: வெள்ளிக்கிழமைதான் நல்லம். ஆக்கள் குறைவு, செய்றவங்க களைக்கல்ல, கேட்டாப் பதில் சொல்லுவாங்க. ஞாயிறு தெருவில கால் வெக்க ஏலாது, பின்னேர ரெயின்ல ஏறவும் ஏலாது. திங்கள் போனா நல்லது கொஞ்சம் முடிஞ்சிருக்கும்.

[8:25] தர்ஷி: சாதாரண ரெயினுக்குக் கடதாசி டிக்கட் வாங்கினா ஏற முந்தி மேடையில இரிக்கிற மெசின்ல குத்தணும். குத்தாட்டி டிக்கட் கையில இருந்தும் தண்டம். கனபேர் மாட்டுப்படுறது இதிலதான்.

[8:31] கஜன் மச்சான்: பதிஞ்சி போற வகுப்பு எண்டு ஒண்டு சொன்னியே

[8:36] தர்ஷி: ருசி வகுப்பு. அதுக்குக் காசு, இருக்கையும் கொஞ்சம், இணையத்தில முன்னுக்கே பதியணும். இங்கிலீஸ் மொழிபெயர்ப்பு இரிக்கா எண்டு பாத்துப் பதிங்க. சந்தை போதும் எண்டா விடுங்க, என்ட எண்ணம் சந்தையே போதும்.

[8:48] தர்ஷி: சந்தையில செய்ற முறையச் சொல்றன், இதக் கேட்டு நடந்தா நாள் வீணாகாது. முதல் சுத்தில ஒண்டும் வாங்கக்கூடா. "போஸ்ஸோ அஸ்ஸஜ்ஜாரே?" எண்டு கேட்டா நகமளவு வெட்டித் தருவாங்க. புது ஆட்டுச் சீஸ்ல தொடங்கி, மெதுவானது, மறுகா கட்டி, நீலப் பூஞ்சணம் கடைசி. நீலத்த முதல்ல தின்னா அங்கால எல்லாம் சப்பெண்டு இரிக்கும். நடுவில பாணும் தண்ணியும். பன்ரெண்டு பதினஞ்சு துண்டுக்கு மேல போனா நாக்குச் செத்துடும், அப்ப வெளியால போய் இருந்திட்டு மறுபடி வாங்க.

[8:50] தர்ஷி: விலைப் பலகைய நல்லாப் பாருங்க. சில கடையில கிலோவுக்கு, சில கடையில எத்தோவுக்கு. எத்தோ எண்டா 100 கிராம். 4 யூரோ எண்டு கண்டு மலிவெண்டு நினைச்சா அது கிலோ 40. கேக்கிறதும் அப்பிடித்தான், "உன் எத்தோ".

[8:52] ரவி மாமா: எருமச் சீஸ் இல்லையா?

[8:57] தர்ஷி: இரிக்கு மாமா. மொத்ஸரெல்லா, நாப்பொலிப் பக்கம் கம்பானியாவில எருமப்பால்லதான் செய்ற. உறைஞ்சத வெந்நீர்ல போட்டு ரொட்டிமா மாதிரி இழுத்து, உருண்டையாக் கிள்ளி எடுக்கிற. நல்லதெண்டா வெட்டக்குள்ள பால் கசியணும், ரப்பர் மாதிரி இரிக்கக்கூடா. அந்தத் தண்ணிக்குள்ளயே வெச்சி அண்டைக்கே தின்னணும். அதில பச்சப்பால்ல செஞ்சது குறைவு, கண்டா விடாதீங்க. பெரியம்மாவுக்கு அதுவும் ஏலாது, ரென்னட்.

[9:03] வசந்தி மாமி: வாங்கி ஊருக்குக் கொண்டு வரலாமா? அண்ணன் வீட்டுக்கும் குடுக்கணும்

[9:11] தர்ஷி: ஊருக்கு வேணாம் மாமி. கட்டுநாயக்கால இருந்து கல்லடிக்கு வானில ஏழெட்டு மணித்தியாலம், அந்த வெக்கைக்குக் கொழுப்பு வேர்த்து எண்ணெயா வடியும். சூரிக் வீட்டுக்கு எண்டா வாங்குங்க. கட்டிச் சீஸ "சொத்தோவுவோத்தோ" எண்டு சொல்லுங்க, காத்து எடுத்துப் பொதி செஞ்சி தருவாங்க. பூஞ்சணத் தோல் இரிக்கிறத அப்பிடிச் செய்ய விடாதீங்க, தோல் மூச்செடுக்க ஏலாம நசநசத்து அமோனியா மணக்கும். அதுக்குக் கடதாசிச் சுத்துத்தான். ஐஸ் பையும் ரெண்டு கொண்டு போவம்.

[9:12] தர்ஷி: சுவிசுக்குள்ள வரக்குள்ள ஆளுக்கு 150 பிராங்குக்குள்ள எண்டா வரி இல்ல. 2025 ஜனவரிக்கு முந்தி 300, இப்ப பாதியாக்கிட்டாங்க. ஆளாளுக்கு வாங்கினதுக்கு ரசீதும் வேற வேறயா வெச்சிருங்க.

[9:20] பெரியம்மா: நான் வாறன். முள்ளுப்பூச் சீஸக் காட்டு. உனக்கு ஒரு முட்டி தயிரும் கறிவேப்பிலையும் கொண்டு வரட்டா?

[9:26] தர்ஷி: ரெண்டும் ஏலாது பெரியம்மா 😭 பால், தயிர், நெய், இறைச்சி ஒண்டும் இலங்கையில இருந்து கொண்டு வர ஏலாது, சூரிக் விமான நிலையத்தில எடுத்துக் குப்பையில போட்டுத் தண்டமும் எழுதுவாங்க. கறிவேப்பிலை, முருங்கயிலை, மாங்காயும் அப்பிடி. செடி நோய் இல்ல எண்ட பத்திரம் இல்லாம விடுறது அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, டூரியன் அஞ்சும்தான். கருவாடும் நெத்தலியும் கொண்டு வரலாம். நல்லாக் காய வெச்சி ரெண்டு பொதியாச் சுத்துங்க, மணம் வந்தாப் பக்கத்துச் சூட்கேசுக்கும் ஏறும்.

[9:29] ரவி மாமா: மிளகாய்த்தூள்?

[9:30] தர்ஷி: ஓம் மாமா, எனக்கு 2 கிலோ கொண்டு வாங்க. வறுத்தது.

[9:31] கஜன் மச்சான்: நாளைக்கு ரெயின் டிக்கட்டப் பாக்கிறன். எல்லாரும் பாஸ்போட் முதல் பக்கத்தப் படம் எடுத்து எனக்குத் தனியா அனுப்புங்க, குழுவில போடாதீங்க

[9:33] பெரியம்மா: 📷 படம்

[9:33] கஜன் மச்சான்: பெரிய மாமி, தனியா எண்டு சொன்னன் 🤦