ஏசி இல்லாதவருக்குப் பூஜ்யமா?

குழு: ஆலமரத்து வீடு
ஞாயிற்றுக்கிழமை

யாழினி (காலை 7.05): அனைவருக்கும் வணக்கம். என் முதுகலை ஆய்வுக்காக நானும் அண்ணியும் சேர்ந்து உருவாக்கிவரும் கருத்துக்கணிப்பு இணையதளத்தின் சோதனைப் பக்கம் நேற்றிரவு தயாராகிவிட்டது. இணைப்பை மேலே அனுப்பியிருக்கிறேன். தண்ணீர், மின்சாரம், உணவு, குப்பை, பயணம் ஆகியவற்றில் ஒருவர் எதை முக்கியமாகக் கருதுகிறார், அதற்காக எதை விட்டுக்கொடுக்க முன்வருகிறார் என்பதை அறிவதுதான் நோக்கம். மொத்தம் 32 கேள்விகள். சென்னையில் வெளியாட்களிடம் கொண்டுபோவதற்கு முன் நீங்கள் நிரப்பிப் பார்த்து, எங்கெல்லாம் தடுக்கியது என்று சொன்னால் போதும். தயவுசெய்து இப்போதைக்கு வேறு குழுக்களுக்கு அனுப்ப வேண்டாம்.

சித்தப்பா (காலை 7.18): கடைசி வரியைப் படிப்பதற்கு முன்பே எங்கள் தெருக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். அழித்துவிடுகிறேன்.

பெரியப்பா (காலை 7.46): முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். “நிலைத்தன்மை என் வாழ்வில் முக்கியமான மதிப்பு” என்று எழுதியிருக்கிறாய். நிலைத்தன்மை என்றதும் எனக்கு ஆடாமல் நிற்கும் மேசைதான் நினைவுக்கு வந்தது. 1987இல் ஐ.நா.வின் பிரண்ட்லாண்டு ஆணையம், வருங்காலத் தலைமுறையின் தேவைக்குக் குந்தகம் விளைவிக்காமல் இன்றைய தேவையை நிறைவுசெய்யும் வளர்ச்சி என்று சொன்ன அந்தக் கருத்துக்கு, நம் பாடநூல்களில் வளங்குன்றா வளர்ச்சி என்றும், அரசு ஆவணங்களில் நீடித்த வளர்ச்சி என்றும், இலங்கைத் தமிழில் நிலைபேறான அபிவிருத்தி என்றும் சொற்கள் உண்டு. மூன்றும் நல்ல சொற்கள்தாம். ஆனால் கும்பகோணம் கடைத்தெருவில் யாரை நிறுத்தி எந்தச் சொல்லைக் கேட்டாலும் முழிப்பார்கள். “மதிப்பு” என்பதும் விலையையோ மரியாதையையோதான் குறிக்கும். நீ சொல்ல வந்தது விழுமியம், அதாவது ஒருவர் வாழ்வில் உயர்வாகப் போற்றுவது. அந்தச் சொல்லைக் கேட்டால் இன்னும் முழிப்பார்கள். எனவே இந்தச் சொற்கள் உன் ஆய்வேட்டில் இருக்கட்டும், கேள்விகளில் ஒன்றுகூட வேண்டாம்.

யாழினி (காலை 7.52): ஒப்புக்கொள்கிறேன், பெரியப்பா. ஆங்கிலத்தில் எழுதிவிட்டுத் தமிழுக்குக் கொண்டுவந்ததன் தழும்பு அது.

அத்தை (காலை 8.10): எனக்குச் சொல் விளங்காமல் இல்லை, ஆனால் மனச்சாட்சிதான் உறுத்துகிறது. ‘கடைக்குத் துணிப்பை எடுத்துச் செல்கிறேன்’ என்பதற்கு ‘எப்போதும்’ என்று குறித்தேன். 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழ்நாட்டில் தடை, அதன் பிறகு 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ வேறு வந்தது, இதற்கு மேலும் ‘சில நேரங்களில்’ என்று குறிக்க எந்தப் பெண்மணிக்குக் கை வரும்? குறித்து முடித்துவிட்டுச் சமையலறைத் தொட்டிக்குக் கீழே எட்டிப் பார்த்தேன். ஏழு கவர்கள் சுருட்டி வைத்திருக்கிறேன். தவிர, ‘இயற்கையைக் காப்பது அவசியம்’, ‘மனிதத் தேவைக்கே முதலிடம்’ ஆகிய இரண்டிற்குமே முழுமையாக ஒப்புக்கொள்வதாகக் குறித்திருக்கிறேன் என்பது பின்னோக்கிப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

அண்ணி (காலை 8.31): அத்தை, அந்த இரண்டாவது பிழையைப் பிடிப்பதற்காகவே அவற்றை எதிரெதிராக வைத்தோம். 1978இல் சமூகவியலாளர்களான டன்லப்பும் வான் லியரும் அமைத்த சுற்றுச்சூழல் மனப்பாங்கு அளவுகோலை 2000இல் திருத்தியபோது, அதன் 15 வாக்கியங்களில் எட்டுக்கு ஒப்புதலும் ஏழுக்கு மறுப்பும் இயற்கைச் சார்பைக் காட்டும்படி மாற்றி மாற்றி அடுக்கினார்கள். கேட்டதற்கெல்லாம் ஆமென்று தலையாட்டுபவரை அது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் துணிப்பைக் கேள்வியில் நிகழ்வது வேறு. நல்லவராகத் தெரிய வேண்டுமென்ற ஆசை அது. பெயர் கேட்காவிட்டாலும் வரும், ஏனென்றால் அங்கே நம் முன்னால் நாமே உட்கார்ந்திருக்கிறோம்.

அண்ணி (காலை 8.39): இதற்கு எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் ஒரு வழி வகுத்தார். அவர் 1992இல் பத்து அடிப்படை விழுமியங்களை வகைப்படுத்தியவர். பின்னர் அவர் அமைத்த வினாத்தாளில் ‘உனக்கு இது முக்கியமா’ என்ற கேள்வியே கிடையாது. யாரோ ஒருவரைப் பற்றி ஓரிரு வரிகள் சொல்லி, ‘இவர் எந்த அளவுக்கு உங்களைப் போன்றவர்’ என்று ஆறு படிகளில் கேட்பார்கள். தன்னைப் பற்றிச் சொல்லக் கூசுபவர்கூட அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தயங்க மாட்டார். ஆங்கிலத்தில் ஆணுக்கொரு வடிவமும் பெண்ணுக்கொரு வடிவமும் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. ‘அவர்’ என்ற ஒரு சொல் இருவருக்கும் பொருந்திவிடுகிறது.

பெரியப்பா (காலை 8.44): இதைக் கேட்கத்தான் முப்பத்து நான்கு ஆண்டுகள் இலக்கணம் நடத்தினேன் போலும். ஒரு மாதிரி எழுதுகிறேன், பார்: “குழாயில் தண்ணீர் தாராளமாக வரும் நாளிலும், அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றாமல் கொட்டிவிட்டால் இவருக்கு மனம் உறுத்தும்.”

யாழினி (காலை 8.50): அப்படியே எடுத்துக்கொள்கிறேன், பெரியப்பா. இதே நடையில் இன்னும் பத்து வேண்டும்.

சித்தப்பா (காலை 9.22): நான் நடைமுறைக்காரன், மின்வாரியத்தில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன், ஆகவே என் குறைகளும் அங்கிருந்துதான் வரும். ‘கடந்த மாத மின்கட்டணம் எவ்வளவு’ என்று கேட்டிருக்கிறாய். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்திற்கு ஒருமுறைதான் கணக்கிடப்படுகிறது என்பதும், முதல் 100 அலகுகளுக்குக் கட்டணம் இல்லை என்பதும் தெரியாமல் இதை எழுதியிருக்கிறாய். சிலர் பாதியாக்கி எழுதுவார்கள், சிலர் அப்படியே எழுதுவார்கள், இரண்டையும் சேர்த்துச் சராசரி போட்டால் வருவதற்குப் பெயர் புள்ளிவிவரம் இல்லை. இது சிறிய குறை.

சித்தப்பா (காலை 9.30): பெரிய குறை பதினேழாம் கேள்வி. ‘உங்கள் வீட்டு ஏசி எத்தனை நட்சத்திரத் தரம்’ என்பதற்கு ஐந்து நட்சத்திரம் என்றால் ஐந்து மதிப்பெண். என் வீட்டில் ஏசியே இல்லை என்பதால் ‘பொருந்தாது’ என்று குறித்தேன், எனக்குப் பூஜ்யம். மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுக்கும் எனக்குப் பூஜ்யம், மூன்று அறைக்கு மூன்று ஏசி மாட்டியவருக்கு முழு மதிப்பெண். கடைசியில் பச்சை இலை படத்தோடு ‘நீங்கள் இன்னும் முயலலாம்’ என்று எனக்கு அறிவுரையும் வருகிறது.

அண்ணி (காலை 9.33): அந்தத் தவறு என்னுடையது, மாமா. ‘பொருந்தாது’ என்ற விடையை அந்தக் கேள்வியின் கணக்கிலிருந்தே நீக்க வேண்டும். நிரலில் அதை வெற்றிடமாக விடாமல் பூஜ்யமாக எழுதிவிட்டேன்.

அம்மா (காலை 9.58): நிரலைத் திருத்தினால் மட்டும் இது தீராது என்று நினைக்கிறேன். நம் வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இன்று காலை என் கைப்பேசியைக் கொடுத்து, ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டி நிரப்பச் செய்தேன். ‘ஆர்.ஓ. இயந்திரத்திலிருந்து வெளியேறும் நீரை என்ன செய்கிறீர்கள்’ என்றால் அவரிடம் அந்த இயந்திரமே இல்லை. தெருவுக்கு வரும் லாரியில் குடத்தைப் பிடித்து, படியேறிச் சுமந்து போகிறவர். ‘காரைத் தவிர்த்துப் பொதுப் போக்குவரத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களா’ என்றபோது சிரித்துவிட்டார். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அதில் வருகிறார். இதில் தேர்வு எங்கே இருக்கிறது? இறுதியில் அவருக்கு 41, நமக்கு 78. நான் திரையைத் திருப்பிக் காட்டவில்லை.

யாழினி (காலை 10.04): அந்த இரண்டு எண்களையும் இப்போதுதான் தரவில் பார்த்தேன், அம்மா. வெட்கமாக இருக்கிறது.

பெரியப்பா (காலை 10.15): வெட்கப்பட ஒன்றுமில்லை, அதற்குத்தானே எங்களிடம் கொடுத்தாய். உன் தளம் விழுமியத்தை அளக்கவில்லை, வசதியை அளந்திருக்கிறது. அதே வேளையில், குறைவாகச் செலவிடுபவரையெல்லாம் இயற்கை நேசர் என்று எழுதிவிடுவதும் தவறுதான். வறுமையால் நடந்து போகிறவருக்கு நடைப்பற்று என்று பட்டம் கட்டினால், அவர் நம்மைப் பார்த்து இன்னொரு முறை சிரிப்பார்.

அண்ணி (காலை 10.27): அப்படியானால், ‘வசதி இருந்தால் கார் வாங்குவீர்களா’ என்று கேட்கலாமா? கற்பனைக் கேள்விக்குக் கற்பனை விடைதான் வரும் என்பதால் எனக்கு அதிலும் நம்பிக்கை இல்லை. ஒன்றைப் பெற இன்னொன்றை விட வேண்டிய நிலையில் நிறுத்திக் கேட்பதுதான் வழி. பணத்தை வைத்துக் கேட்டால் வசதி மறுபடியும் உள்ளே நுழைந்துவிடும், அதனால் நேரத்தை வைத்துக் கேட்போம்: குப்பையை மூன்றாகத் தரம் பிரிக்க நாள்தோறும் பத்து நிமிடம் கொடுப்பீர்களா?

அம்மா (காலை 10.33): நான்கு வீடுகளில் வேலை செய்கிறவரின் பத்து நிமிடமும், ஓய்வூதியம் வாங்கும் அத்தையின் பத்து நிமிடமும் ஒன்றா?

அத்தை (காலை 10.35): ஒன்றில்லை. எனக்கு அது ஒரு தொடர் நாடகத்தின் விளம்பர இடைவேளை.

யாழினி (காலை 10.58): இப்படிச் செய்தால் எப்படி என்று பாருங்கள். தொடக்கத்திலேயே ஒரு கேள்வி வைக்கிறேன்: ‘பணம், நேரம், உடல் தெம்பு, வீட்டில் இடம், இந்த நான்கில் உங்களுக்கு எப்போதும் பற்றாக்குறையாக இருப்பது எது?’ அவர் எதைச் சொல்கிறாரோ அதையே விலையாக வைத்து, பின்வரும் ஐந்து கேள்விகளையும் தளம் அமைத்துக்கொள்ளும். இடமில்லை என்பவரிடம் இரண்டு குப்பைத் தொட்டிக்கு இடம் ஒதுக்குவதைப் பற்றியும், தெம்பில்லை என்பவரிடம் பழுதான மிக்ஸியைப் பழுதுபார்க்கும் கடை வரை தூக்கிச் செல்வதைப் பற்றியும் கேட்கும். ஒருவரின் விடையை இன்னொருவரின் விடையோடு நேராக ஒப்பிட முடியாது என்ற குறை இதில் இருக்கிறது. அதை ஆய்வேட்டில் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

அண்ணி (காலை 11.03): கிளைக் கேள்விகளை இன்று மாலைக்குள் எழுதிவிடலாம். மதிப்பெண் பக்கத்தையும் பச்சை இலையையும் எடுத்துவிடுகிறேன். ஒருவரது விழுமியத்துக்கு மதிப்பெண் போடுவதற்கு நாம் யார்?

பெரியப்பா (காலை 11.20): செய்கையைப் பற்றிக் கேட்பதாக இருந்தால் ‘வழக்கமாக’ என்பதை விட்டுவிட்டு, கடந்த ஒரு வாரத்தைக் கேள், நேற்று வரை நடந்ததைத்தான் மனிதனால் ஓரளவு நேர்மையாக எண்ணிச் சொல்ல முடியும். சென்னைக்காரர்களுக்கென்று தனியாக ஒன்றும் சேர்த்துக்கொள்ளலாம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றி, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள் அல்லவா? அந்த நாட்களில் தொடங்கிய பழக்கங்களில் எது இன்றும் உங்கள் வீட்டில் இருக்கிறது என்று கேள். தட்டுப்பாட்டில் எல்லோரும்தான் சிக்கனம் பிடித்தார்கள். மழை வந்த பிறகும் எது தங்கியது என்பதில்தான் நீ தேடும் விழுமியம் இருக்கக்கூடும்.

யாழினி (காலை 11.24): இதுதான் என் ஆய்வின் மையக் கேள்வியாகவே ஆகிவிடும் போலிருக்கிறது.

அம்மா (காலை 11.31): இன்னொன்று. என் கைப்பேசியில் ஆறு விடைகளையும் ஒரே வரிசையில் பக்கவாட்டில் அடுக்கியிருப்பதால் ‘ஓரளவு ஒப்புக்கொள்கிறேன்’ என்பது நான்கு துண்டுகளாக உடைந்து தெரிகிறது. கடைசி விடை திரைக்கு வெளியே போய்விட்டது, அதைக் குறிக்க விரும்பியவரும் ஐந்தாவதைத்தான் குறிப்பார்.

அண்ணி (காலை 11.36): தமிழ்ச் சொற்களின் நீளத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிட்டேன். ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்துவிடுகிறேன்.

சித்தப்பா (நண்பகல் 12.05): பெயர் கேட்க மாட்டோம் என்று முதல் பக்கத்தில் உறுதியளித்துவிட்டு, வயது, தொழில், அஞ்சல் குறியீட்டு எண் மூன்றையும் கேட்டிருக்கிறீர்கள். 72 வயது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம் என்றால் அது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் வேண்டுமா?

யாழினி (நண்பகல் 12.11): உண்மைதான். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர்களின் தரவைப் பெறப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டுமென்பதால்தான் வயதைக் கேட்க ஆரம்பித்தேன். ’18 வயது நிறைந்ததா’ என்று மட்டும் கேட்டாலே அதற்குப் போதும். வயதைப் பத்தாண்டு அடுக்குகளாக்கி, தொழிலை நீக்கி, இடத்துக்கு மாவட்டத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இன்று காலை நீங்கள் நிரப்பிய அனைத்தையும் இரவே அழித்துவிடுவேன்.

அத்தை (நண்பகல் 12.14): நல்லது, என் துணிப்பையையும் சேர்த்து அழித்துவிடு. புதிய தளத்தில் உண்மையை எழுதுகிறேன்.

அம்மா (நண்பகல் 12.20): வேலைக்கு வரும் அக்கா அடுத்த ஞாயிறு மறுபடியும் உட்காரச் சம்மதித்திருக்கிறார். தானே படித்து நிரப்புவதாகச் சொல்கிறார், நான் பக்கத்தில் இருக்கக் கூடாதாம்.

பெரியப்பா (நண்பகல் 12.41): மிக நன்று, அவரைத் தனியே விட்டுவிடு. யாழினி, பத்து வாக்கியங்களையும் இரவுக்குள் அனுப்புகிறேன். கடைசிப் பக்கத்தில் ‘நன்றிகள்’ என்று போட்டிருக்கிறாய். நன்றிக்குப் பன்மை கிடையாது.