மாத்திரையால வர்ற அன்பு ஆவியின் கனியா?

கேள்வி: மருந்தால மனுஷனோட ஒழுக்கத்த கூட்டலாம்னு 2008லேர்ந்தே சில தத்துவவாதிங்க எழுதுறாங்க, கிறிஸ்தவனா எனக்கு இது ரொம்ப உறுத்துது, அன்பு ஆவியின் கனி, அதாவது பரிசுத்த ஆவி நமக்குள்ள விளைய வைக்கிற குணம்னு தானே பைபிள்ல பவுல் சொல்றார், அப்ப கெமிக்கல்ல வர்ற அன்ப என்னன்னு எடுத்துக்கறது?

பதில் 1: 2011ல நெதர்லாந்துல ஒரு ஆய்வு வந்துச்சு பிரதர், பாச ஹார்மோன்னு சொல்ற ஆக்சிடோசின் ஸ்ப்ரேய மூக்குல அடிச்சவங்க தன் இனத்து ஆளுங்களுக்கு தான் இன்னும் சாதகமா நடந்துகிட்டாங்க. நல்ல சமாரியன் உவமைல இயேசு கேக்குறது இதுக்கு நேர் எதிர், வேத்து ஆள்கிட்ட இரக்கம்.

பதில் 2: சரிதான், ஆனா என் கோபத்துக்கு டாக்டர் மாத்திரை குடுத்தப்புறம் தான் மனைவிகிட்ட மன்னிப்பு கேக்குற அளவுக்கு நிதானம் வந்துச்சு. கேட்டது நான், மாத்திரை இல்ல.

கேள்வி கேட்டவர்: அந்த நிதானத்தயும் கிருபைன்னே சொல்லலாமாண்ணா?

பதில் 2: நான் அதுக்காக தினமும் நன்றி சொல்றேன் தம்பி.