காஸ்வொர்த்தா, இன்டெக்ராலேயா? இரண்டு பழைய ராலி கார்களையும் ஓட்டிய அனுபவம்

இங்கிலாந்துக்கு வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், நண்பர் ஒருவர் தன் 1993 ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்எஸ் காஸ்வொர்த்தை வேல்ஸின் பிளாக் மவுண்டன் மலைப்பாதைக்குக் கொண்டுவந்து, சாவியை என் கையில் கொடுத்தார். மேட்டில் மூன்றாவது கியரில் மிதித்தேன். பிக்கப்பே இல்லை. ஏதோ பழுது என்று அவரைப் பார்த்தேன். "பொறு" என்றார். இன்ஜின் சுழற்சியைக் காட்டும் ஊசி நிமிடத்துக்கு 3,500ஐத் தாண்டியதுதான் தெரியும், தூரத்தில் இருந்த வளைவு கண்முன்னே வந்துவிட்டது. பிரேக்கில் வைத்த காலை வெகுநேரம் எடுக்கவில்லை.

காரணம் டர்போவின் அளவு. இன்ஜினின் புகையில் சுழன்று கூடுதல் காற்றை உள்ளே தள்ளும் இந்த விசிறி பெரிதானால் வேகம் பிடிக்க நேரமாகும். ரோட்டுக் கார்களை அடிப்படையாகக் கொண்ட குரூப் ஏ ராலிப் பந்தயத்தில் இறங்க 2,500 கார்கள் தயாரித்தாக வேண்டும் என்பது அப்போதைய விதி. அதனால் போட்டிக்கு ஏற்ற பெரிய டர்போவை ரோட்டுக் காரிலேயே பொருத்தினார்கள். 227 குதிரைத்திறன், ஆனால் எல்லாம் இன்ஜின் வேகமாகச் சுழலும்போதுதான். அந்தக் காரில்தான் ஃபிரான்சுவா டெலெகூர் 1994 மான்டி கார்லோ ராலியை வென்றார். சேகரிப்பவர்கள் தேடுவதும் அந்தப் பெரிய டர்போ மாடலைத்தான். அதே 1994இல் வந்த சிறிய டர்போ மாடல் ஊருக்குள் ஓட்ட எவ்வளவோ சுகம், ஆனாலும் மதிப்பு கொஞ்சம் குறைவு.

இத்தாலியின் லான்சியா டெல்டா இன்டெக்ராலே எனக்கு ஓட்டக் கிடைத்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. 16 வால்வ் மாடல், 200 குதிரைத்திறன், ஸ்டியரிங் இடது பக்கம். வைத்திருந்த பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வளைவில் காலை எடுக்காதே" என்று மட்டும் சொன்னார். மழை ஈரம் வேறு. பயந்துகொண்டேதான் மிதித்தேன். நான்கு சக்கரமும் பிடித்து இழுத்தன, மூக்கு நான் நினைத்த இடத்துக்குப் போனது. எஸ்கார்ட் மூன்றில் இரண்டு பங்கு விசையைப் பின்சக்கரங்களுக்கு அனுப்பும். டெல்டாவில் முன்னே 47, பின்னே 53. 1987 முதல் 1992 வரை ஆறு வருடம் தொடர்ந்து லான்சியாவுக்கே உலக ராலி தயாரிப்பாளர் பட்டம் போனது ஏன் என்று அன்றைக்குப் புரிந்தது.

சரி, வாங்கலாம் என்று கிளம்பியபோதுதான் பாடம் கிடைத்தது. பளபளவென்று ஒரு சிவப்பு எவோ 2, இன்டெக்ராலேயின் கடைசி மாடல். முன்பணமும் கொடுத்துவிட்டேன். மறுமுறை போய் முன்கண்ணாடி ரப்பரின் ஓரத்தைத் தூக்கினால், பட்டி பூசிப் பெயின்ட் அடித்த துரு. விற்றவர் முன்பணத்தைத் திருப்பித் தரவே இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எஸ்கார்ட்டிலும் துரு உண்டு. ஆனால் அது ஃபோர்டின் இன்னொரு காரான சியராவின் தளத்தில் கட்டிய கார், இன்ஜின் நீளவாக்கில் இருப்பதால் கை போகும். டெல்டாவில் இன்ஜின் குறுக்கே, டைமிங் பெல்ட் மாற்றுவதே பெரிய வேலை. அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கடைசியில் நான் வாங்கியது 16 வால்வ் டெல்டா. விலையில் உச்சத்தில் நிற்கும் எவோ 2 கிடைத்திருந்தால் பொத்திப் பொத்தித்தான் வைத்திருப்பேன். இதை மழையிலும் எடுக்கிறேன். பூட்டி வைக்கத்தான் வேண்டும் என்றால் பெரிய டர்போ எஸ்கார்ட்டையோ எவோ 2வையோ பாருங்கள். எதுவானாலும், பார்க்கப் போகும்போது ஒரு டார்ச்சும் ஒரு காந்தமும் எடுத்துக்கொண்டு போங்கள். பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது.