புது கம்ப்யூட்டரில் முன்பக்க யூஎஸ்பி மட்டும் செத்துக் கிடக்கிறது

கேள்வி: நேற்றுதான் நானே எல்லாவற்றையும் கோத்து முடித்தேன், விண்டோஸும் ஏற்றியாச்சு, பின்பக்கம் கீபோர்டு, மவுஸ் எல்லாம் ஓடுகிறது, ஆனால் கேபினெட்டின் முன்பக்க நீல போர்ட் இரண்டிலும் பென்டிரைவ் செருகினால் லைட்கூட எரியவில்லை. மதர்போர்டு போச்சா?

பதில் 1: அதற்குள் மதர்போர்டைத் திட்டாதீர்கள். கேபினெட்டிலிருந்து வரும் தடித்த வயரை போர்டில் 19 பின் இருக்கும் இடத்தில் செருகினீர்களா? செருகியிருந்தால் பவரை அணைத்துவிட்டு நேராக இழுத்துப் பாருங்கள், ஒரு பின் மடங்கியிருக்கலாம். எனக்கு அப்படித்தான் ஆனது, இரண்டு நாள் டிரைவரையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பதில் 2: போனை அந்த முன்பக்க போர்ட்டில் செருகிப் பாருங்கள். சார்ஜே ஏறவில்லை என்றால் 5 வோல்ட் வரவில்லை, வயர் பக்கம்தான் கோளாறு. ஏறினால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே வரும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை) யூஎஸ்பி அணைந்திருக்கிறதா, மதர்போர்டுக்கான சிப்செட் டிரைவர் போட்டாயிற்றா என்று பார்க்கலாம்.

கேட்டவர்: சார்ஜ் ஏறவில்லை. கழற்றினால் ஓரத்தில் ஒரு பின் சாய்ந்து கிடந்தது, அதனால்தான் வயர் முழுசாக இறங்கவே இல்லை. மெல்ல நிமிர்த்திச் செருகினேன், இப்போது இரண்டுமே வேலை செய்கின்றன. நன்றி!

பதில் 1: சரி, இனி அந்த வயரை ஆட்டி ஆட்டி இழுக்காதீர்கள். பின்களைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் உறையே கையோடு வந்துவிடும்.