வீடியோ போட்டேன், எட்டுக் குழுவும் ஒரே வடிகட்டியைச் செய்து வந்துவிட்டன

சாக்பீஸ்தூள்:
ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். கலங்கிய தண்ணீரைத் தெளியவைப்பது பற்றி மூன்று வாரப் புராஜெக்ட். பிள்ளைகளின் பேச்சிலேயே, அவர்களைப் போன்ற பிள்ளைகளே நடித்த வீடியோவைத் தேடிப்பிடித்துப் போட்டேன், ரசித்துத்தான் பார்த்தார்கள். அப்புறம் எட்டுக் குழுவும் அதில் வந்த மணல் வடிகட்டியையே அச்சு அசலாகச் செய்து, வண்ணத்தாள் ஒட்டிக் கொண்டுவந்து வைத்துவிட்டன. யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எங்கே தப்பு?

கடைசிபெஞ்ச்:
வீடியோ எவ்வளவு நேரம்? எட்எக்ஸ் இணையப் பாடங்களை வைத்து 2014இல் வந்த ஆய்வில், ஆறு நிமிடத்துக்குள் முடிகிற வீடியோக்களில்தான் மாணவர்கள் கவனம் நின்றது.

குடுவை:
நீளத்தை விடுங்கள். விடையை வீடியோவே சொல்லிவிட்டது, மிச்சம் இருப்பது கைவேலைதானே. நான் கலங்கிய தண்ணீர் வரும் இடத்திலேயே நிறுத்திவிட்டு, இதை என்ன செய்யலாம் என்று கேட்பேன். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்வார்கள், அத்தனையையும் கரும்பலகையில் எழுதுவேன், தப்பானதையும் சேர்த்துத்தான். டெரிக் முல்லர் 2008இல் சிட்னி பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வில் கண்டதும் இதுதான்: தெளிவாக விளக்கும் வீடியோ பிடித்திருந்தது, ஆனால் தவறான எண்ணத்தை முதலில் பேசவிட்டு அப்புறம் உடைத்த வீடியோவில்தான் கற்றது அதிகம்.

அளக்க ஒன்று கொடுங்கள். கண்ணாடிக் குழாயின் அடியில் ஒரு எழுத்தை ஒட்டி, வடிகட்டிய தண்ணீரை மேலிருந்து ஊற்றிக்கொண்டே போய், எழுத்து மறையும் உயரத்தை ஸ்கேலில் குறிக்கச் சொல்லுங்கள். என் வகுப்பில் ஒரு குழுவுக்கு 9 செ.மீ., இன்னொன்றுக்கு 31. அன்றைக்குச் சண்டையே வந்தது, மணலைக் கழுவினாயா இல்லையா என்று! தெளிந்தால் குடிக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். கிருமி கண்ணுக்குத் தெரியாது என்ற பாடம் அங்கேதான் ஆரம்பித்தது. (யாரையும் குடிக்க விடாதீர்கள்.)

மழைமானி:
குடுவை சொல்வது சரி, ஆனால் பண்பாடு விஷயம் விட்டுப்போகிறது. முகமும் பேச்சும் நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது. அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் 1995இல் பிள்ளைகளின் பண்பாட்டோடு ஒட்டிய கற்பித்தலைப் பற்றி எழுதியபோது மூன்று கேட்டார்: பிள்ளை படிப்பில் தேறணும், தன் பண்பாட்டை விடாமல் இருக்கணும், சமூகத்தில் நடப்பதைக் கேள்வி கேட்கணும். மூன்றாவதை எல்லோரும் வசதியாக மறந்துவிடுகிறோம். இந்தத் தண்ணீர் ஏன் கலங்கியது, யார் வீட்டுக்குக் கலங்கி வருகிறது என்று அவர்களையே விசாரித்து ஒரு நிமிட வீடியோ எடுக்கச் சொல்லுங்களேன்.

சாக்பீஸ்தூள்:
விடையை நானே போட்டுக் காட்டியிருக்கிறேன், சரி. திங்கள்கிழமை கலங்கிய தண்ணீரோடு நிறுத்துகிறேன். எழுத்து ஒட்ட எவ்வளவு உயரக் குழாய் வேண்டும்?

குடுவை:
அரை மீட்டர் போதும்.