ஈக்வலைசேஷன் சார்ஜ்: ‘மீட்பு மின்னேற்றம்’ வேண்டாம், ‘சமனேற்றம்’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஈய-அமில பேட்டரியின் செல்களை ஒரே நிலைக்குக் கொண்டுவரக் கொடுக்கும் கூடுதல் சார்ஜ்தான் ஈக்வலைசேஷன் சார்ஜ். அதற்குத் தமிழில் ‘மீட்பு மின்னேற்றம்’ என்ற சொல் பரிந்துரையாக வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. செத்த பேட்டரி பிழைத்துவிடும் என்று அது ஆசை காட்டுகிறது.

மின்சாரம் எடுக்கும்போது இரு வகைத் தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. புதிதாகப் படிந்தது அடுத்த சார்ஜில் ஈயமாகவும் ஈய டை-ஆக்சைடாகவும் மாறிவிடும். அரைகுறை சார்ஜிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் படிகங்கள் பெருத்து இறுகும். நன்றாக இறுகிப்போனதில் பெரும்பகுதி எந்த சார்ஜுக்கும் மசியாது. அதை எப்படி ‘மீட்பு’ என்பது?

உண்மையில் நடப்பது வேறு. 12 வோல்ட் பேட்டரியில் ஆறு செல்கள் தொடராக இருக்கின்றன. நாளாக ஆக ஏதாவது ஒன்று சார்ஜில் பின்தங்கும். முழு சார்ஜ் ஆன பிறகும் செல்லுக்கு 2.5, 2.6 வோல்ட் அளவில் குறைந்த மின்னோட்டத்தைச் சில மணி நேரம் விட்டால், பின்தங்கியது மற்றவற்றை எட்டிவிடும். கிளம்பும் குமிழிகள் அடியில் தங்கிய கனத்த அமிலத்தையும் மேலே கலக்கிவிடும். மணிக்கொரு தரம் ஹைட்ரோமீட்டர் வைத்து அமிலத்தின் கிராவிட்டியை (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியை) அளந்து, அது மேற்கொண்டு ஏறாமல் நின்றதும் நிறுத்துகிறோம். தொடங்குவதும் செல்களுக்கு இடையே கிராவிட்டி வித்தியாசம் 0.03 அளவுக்கு வந்துவிட்டதே என்று பார்த்துத்தான். ஆகவே பெயரும் சமன் செய்வதைத்தான் சொல்ல வேண்டும்.

வேறு சொற்களையும் யோசித்துப் பார்க்கலாம். ‘சம மின்னூட்டம்’ சரிவராது. தமிழ்நாட்டுப் பாடநூல் படித்தவர்கள் அதை இரண்டு பொருள்களில் உள்ள சம அளவு மின்னூட்டம் என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘மிகையேற்றம்’ (ஓவர்சார்ஜ்) ஒரு கோளாறின் பெயர். தெரிந்தே, அளவு பார்த்துச் செய்யும் பராமரிப்புக்கு அதை வைத்தால் ஆபத்து. ‘ஒப்பேற்றம்’ அழகான சொல்தான். ஆனால் ‘எப்படியோ ஒப்பேத்திட்டான்’ என்பது எல்லார் வாயிலும் இருக்கும்போது, பட்டறையில் அதை யார் மதிப்பார்கள்?

என் பரிந்துரை ‘சமன்செய் மின்னேற்றம்’, சுருக்கமாக ‘சமனேற்றம்’. இதிலிருந்து வினையும் கிடைக்கிறது: ‘பேட்டரியைச் சமனேற்றவும்’, ‘சமனேற்றிய பின் காய்ச்சி வடித்த நீர் ஊற்றவும்’. கையேடு எழுதுபவர்களுக்குப் பெயர்ச்சொல்லை விட இந்த வினைதான் அதிகம் தேவைப்படும். சல்பேட் இறுகுவதற்கு ‘சல்பேட் இறுகல்’ என்று தனியாக வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் ஒரே சொல்லில் அடைக்க வேண்டாம்.

எந்தச் சொல்லை ஏற்றாலும் சரி, விளக்கத்தில் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரிக்கு மட்டும்தான் இது. ஜெல் போன்ற மூடிய வகைகளுக்குக் கூடாது, வெளியேறிய நீரைத் திரும்ப ஊற்ற அவற்றில் வழியில்லை. அப்புறம், வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பக்கத்தில் தீப்பொறி எதுவும் இருக்கக் கூடாது.